புடவை விரித்த கை

தோள்வலிக்காரனைப் பார்க்க யாரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சுவலி என்றால் தெருவே திரண்டு வரும். தோள்வலி என்றால் எதிரில் இருப்பவர் தன் தோளைத் தட்டிக் காட்டி, தனக்கும் இருக்கிறது என்பார். ஒரு தைலத்தின் பெயரைச் சொல்லுவார். அத்தோடு விசாரிப்பு முடிந்தது. பிசியோதெரபிக்குப் போய் வந்த பிறகு தோள் முன்னைவிட அதிகமாக வலிக்கிறதே, இது சரிதானா, யாரைக் கேட்பது என்று தெரியாமல் யாராவது இப்போது வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் தேறிவிட்டதாக டாக்டர் சொல்கிறார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

மைசூரில் மண்டி மொஹல்லாவில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துக் காட்டுவது என் வேலை. பெயர் மாதேஸ்வரன். கடைக்கு வருகிறவர்களுக்கு மாதேஷண்ணா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கௌதள்ளியிலிருந்து என் கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்தவன். எங்கள் கடையில் நாற்காலி போட்டு வியாபாரம் கிடையாது. தரையில் வெள்ளை விரித்த மெத்தைகள். வாங்க வருகிறவர்கள் ஒரு பக்கம் உட்கார, நாங்கள் எதிர்ப்பக்கம். எங்கள் முதுகுக்குப் பின்னால் கூரை வரை அலமாரி. மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவதெல்லாம் சின்னக் கடைப் பழக்கம். இங்கே வீசித்தான் விரிக்க வேண்டும். இடது கையில் ஒரு முனை, வலது கை தலைக்கு மேலே, ஒரே வீச்சு. முந்தி போய் எதிரில் இருக்கும் அம்மாவின் மடிக்கு முன்னால் விழ வேண்டும், மடியில் விழக் கூடாது. வாசலுக்கு நேரே இருக்கும் முதல் மெத்தை மூத்த கைக்கு. அது ரொம்ப வருஷமாக என்னுடையது.

கடையில் இன்னொரு பழக்கமும் உண்டு. எத்தனை புடவை எடுத்துப் போட்டாலும் எங்கள் முகம் வாடக் கூடாது. கொட்டாவி விடக் கூடாது. தோளைப் பிடித்துவிட்டுக்கொள்ளக் கூடாது. காட்டுகிறவன் களைத்துவிட்டான் என்று தெரிந்தால் வாங்குகிறவருக்குக் கூச்சம் வந்துவிடும், இரண்டு புடவையோடு எழுந்துவிடுவார். போதும், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று அவர்கள் சொன்னால், "ஒண்ணும் சிரமமில்லைங்க, நீங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை வீச வேண்டும். தமிழ் பேசுகிறவர்களிடம் தமிழில், மற்றவர்களிடம் கன்னடத்தில். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருப்பார். இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. வாய் தானாகப் பழகிவிட்டது.

வலி வந்தது போன வருஷம் தசரா வியாபாரம் முடிந்த சமயம். முதலில் சட்டையைக் கழற்றும்போது மட்டும் சுருக்கென்றது. பிறகு பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது. பிறகு வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இறுகிப் போவது சகஜம் என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் மருந்துக் கடைக்காரர் வரை எல்லோரும் டாக்டர் ஆனார்கள். நான் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த நாட்களில்தான் ஜெசிந்தா டீச்சர் கடைக்கு வந்தார். அவருடைய கல்யாணப் புடவை நான் விரித்துக் காட்டியது. அவருடைய தங்கைகளுடையதும் அப்படித்தான். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தாகிவிட்டது, வருகிற வருஷம் கல்யாணம், குடும்பத்தோடு வருவோம் என்றார். "மாதேஷண்ணா, நீங்கதான் காட்டணும். வேற யார் காட்டினாலும் நான் பாக்க மாட்டேன்" என்றார். இந்தத் தொழிலில் எங்களுக்குக் கிடைக்கிற பட்டம் அதுதான். அன்றைக்குப் பூரா அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டே வீசினேன். தோள் எரிந்ததே தெரியவில்லை.

என் மனைவி சிவகாமி வற்புறுத்தித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பொம்மைத் தோள் மூட்டு ஒன்றை மேசையில் வைத்து விளக்கினார். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தோள் மூட்டைச் சுற்றி நாலு தசைகளின் நார், சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றியிருப்பது போல, எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையைத் தூக்குவதற்கு மேலே இருக்கும் நார் முக்கியம். அது எலும்பில் ஒட்டுகிற இடத்தில் எனக்குப் பாதி நைந்துவிட்டது. கூடவே மூட்டும் இறுகியிருக்கிறது. பாதிதான் நைந்திருக்கிறது, கத்தி வேண்டாம், பிசியோதெரபியில் மெதுவாகச் சரி செய்யலாம் என்றார். கீழ்த்தளத்தில் அந்த அறையைக் காட்டிவிட்டார்கள்.

கத்தி வேண்டாம் என்றதில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வெளியே வந்து நானும் சிவகாமியும் மசால் தோசை சாப்பிட்டோம்.

பிசியோதெரபி அறையில் இருந்த பெண் பெயர் ஷில்பா. என் மகள் நந்தினி வயதுதான் இருக்கும். என்னை அங்கிள் என்றாள், நான் அவளை மேடம் என்றேன். சூடான பை வைத்து ஒத்தடம் கொடுத்தாள். சின்னச் சின்ன மின்சாரம் வைத்து எறும்பு ஊறுகிற மாதிரிச் செய்தாள். கப்பியில் கயிறு கட்டி இழுக்கச் சொன்னாள். சில நாட்கள் இப்படியே போயின. நல்லது போலத்தான் இருந்தது. பிறகு மூட்டின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்று என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, என் கையைத் தன் கையில் பிடித்து மேலே கொண்டுபோனாள். போகப் போகக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாள். வலிக்கிறதா அங்கிள், எங்கே வலிக்கிறதோ அங்கே சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றாள்.

அவள் கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் சிரித்தேன். ஒண்ணும் சிரமமில்லை மேடம், நீங்கள் செய்யுங்கள் என்றேன்.

நான் வீரத்தைக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் வந்துவிடக் கூடாது என்றும் யோசித்துச் சொல்லவில்லை. உண்மையில் நான் எதையும் யோசிக்கவே இல்லை. எதிரில் ஒருவர் அக்கறையாகக் கேட்டால் என் வாய் சொல்லுகிற பதில் அது. தோளில் வலி ஏறிக்கொண்டே போயிற்று, பல்லைக் கடித்தால் சிரிப்புக் கெட்டுவிடும் என்று பல்லைக்கூடக் கடிக்கவில்லை. ஒரு இடத்தில் உள்ளே ஏதோ கிழிந்தது. துணிக் கடைக்காரனுக்குக் கிழிகிற சத்தம் தெரியாதா என்ன. வெளியே யாருக்கும் கேட்டிருக்காது, எனக்கு எலும்புக்குள் கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லா நீட்சி வந்தது அங்கிள் என்றாள் அவள், சந்தோஷமாக. எழுந்து நன்றி சொல்லிக் கும்பிடப் போனேன். இடது கை மட்டும்தான் வந்தது. அதையே நெஞ்சில் வைத்துச் சமாளித்துவிட்டு வெளியே வந்தேன்.

இங்கேதான் படிக்கிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிசியோதெரபி முடிந்த பிறகு தோள் வலிப்பது புதுமையில்லை. ரொம்ப நாளாக அசையாத சதையை அசைத்தால் வலிக்கத்தான் செய்யும். ஐஸ் ஒத்தடம் கொடுத்து ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் அடங்கிவிடும் என்று ஷில்பா முதல் நாளே சொல்லியிருந்தாள். நான் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஐஸை ஈரத் துண்டில் சுற்றி வைத்தேன். சிவகாமி கேட்டபோது இது நல்ல வலி, மேடமே சொல்லியிருக்கிறார் என்றேன். ஆனால் வலிப்பது வேறு, கை எழாமல் இருப்பது வேறு. எனக்குக் கை எழவே இல்லை. இடது கையால் தூக்கி மேலே வைத்தால் வருகிறது, விட்டால் தொப்பென்று விழுகிறது. சோறு வாய்க்குப் போகவில்லை. அப்படி ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. நானோ மறுநாள் காலை குளித்து, நந்தினியைச் சட்டைக்குப் பட்டன் போடச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

முதல் போணிக்கு ஒரு அம்மாவும் மருமகளும் வந்தார்கள். நான் ஒரு நீலப் பட்டுப் புடவையை எடுத்தேன். கை இடுப்புக்கு மேல் வரவில்லை. பக்கத்து மெத்தையில் இருந்த ரவி பார்த்துவிட்டு எழுந்து வந்து, என்னிடமிருந்து வாங்கித் தானே வீசினான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், நான்தான் அவனைக் கடையில் சேர்த்துவிட்டது. நான் எழுந்து பின்னால் போய்ச் சரக்குக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

அப்படியும் சில நாட்கள் வீணாகப் போயின. தானாகச் சரியாகிவிடும் என்று நம்புவதற்கு ஏதாவது ஒன்று தினமும் கிடைத்துவிடும். காலையில் விரல் கொஞ்சம் லேசாக இருந்தால் போதும். கடைசியில் நந்தினி ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, சும்னிரு அப்பா, பேசாமல் ஏறு என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் முதலில் வரும்.

காத்திருக்கும் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த முக்கால்வாசிப் பேர் கட்டுப் போட்டவர்கள், கோல் ஊன்றியவர்கள். அவர்களைப் பார்த்தால் என்ன நோய் என்று தெரியும். என்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நல்லாத்தானே இருக்கிறீர்கள், கூட வந்தவரா என்று ஒரு பெரியவர் கேட்டார். பழக்க தோஷம், எதிர் வரிசையில் இருந்த பெண்களின் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எந்த ஊர் நெசவு, அது எந்தக் கடையில் எடுத்தது, இவருக்கு இந்தப் பச்சையைவிட மாம்பழ மஞ்சள் எடுபடும் என்று மனம் அதன்பாட்டுக்கு ஓடியது. திடீரென்று, இனி இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று தோன்றியது. சிவகாமியின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில், அத்தனை பேர் முன்னால், அதற்கு முன் நான் அப்படிச் செய்ததே இல்லை.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்க வைத்து அசையாதே என்கிறார்கள். உள்ளே தகரக் கொட்டகையைத் தட்டுகிற மாதிரிச் சத்தம். காந்தத்தால் உடம்புக்குள் படம் எடுப்பது என்று சொன்னார்கள். எனக்குச் சத்தம் பயமில்லை. படத்தில் என்ன வரும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது, அதுதான் பயம்.

நார் முழுதாகக் கிழிந்துவிட்டது. கிழிந்தது மட்டுமில்லாமல் உள்பக்கமாக இழுத்துக்கொண்டும் போய்விட்டது. அறுவைச் சிகிச்சைதான் வழி. ஆனால் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்ததால் அதை இறக்காமல் கத்தி வைக்க முடியாது, அட்மிட் ஆகுங்கள் என்றார்கள். படுக்கையில் போட்டு, இன்சுலின் ஊசி போட்டு, விரலைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை டாக்டர் வார்டுக்கு வந்தபோது சிவகாமி அவரை விடவில்லை. பாதிக் கிழிசலோடு வந்த மனுஷனுக்கு எப்படி முழுக் கிழிசல் ஆயிற்று, கீழே அந்தப் பெண் இழுத்த இழுப்பில்தானே ஆயிற்று என்று கேட்டாள். கன்னடத்தில் ஆரம்பித்து, கோபத்தில் எங்கள் ஊர்த் தமிழுக்கு வந்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் கீழே ஆள் அனுப்பி ஷில்பாவை வரச் சொன்னார்.

வந்தாள். கதவை ஒட்டி நின்றாள். முகம் வெளுத்திருந்தது. டாக்டர் கேட்டதற்கு அவள் கன்னடத்தில் சொன்னது இவ்வளவுதான்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேன் சார். வலியில்லை என்றார். சிரித்துக்கொண்டே இருந்தார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் எனக்கு ஒரு வசதி இருந்தது. இல்லை, சொன்னேன், அவள்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சிவகாமி அதைத்தான் எதிர்பார்த்தாள். யாரையாவது திட்டினால் அவளுக்கு நெஞ்சு ஆறியிருக்கும், எனக்கும்தான். ஆனால் அந்தப் பெண் உண்மையைச் சொல்லிக்கொண்டு நின்றாள். அவங்க கேட்டாங்க சார், நான்தான் சொல்லலை என்றேன்.

டாக்டர் ஷில்பாவைப் போகச் சொல்லிவிட்டு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நைந்துபோன நார் அது, அன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள் ஒரு பையைத் தூக்கும்போது கிழிந்திருக்கலாம், கிழியாமலும் இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கோபப்பட ஒரு ஆள் இருந்தால் மனிதன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவான். எனக்கு அதுவும் போயிற்று.

அவர்கள் எல்லோரும் போன பிறகு சிவகாமி திரைச்சீலையை இழுத்துவிட்டாள். குரல் உயரவில்லை.

"ஏனுங்க, வலிச்சா வலிக்குதுன்னு சொல்றதுக்கு என்னங்க? அந்தப் புள்ளை என்ன உங்க கடைக்குப் பொடவை எடுக்கவா வந்துச்சு?"

போர்வையை என் கால் வரை இழுத்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.

"கண்ணாலம் ஆன நாள்லருந்து நானும் கேட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லம்பீங்க. அதுல எதெல்லாம் பொய்யிங்க?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். அவள் என் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தோளில் கை படாமல் பார்த்து வைத்திருந்தாள்.

சர்க்கரை இறங்கியதும் அறுவைச் சிகிச்சை நடந்தது. கழுத்தின் ஓரம் ஒரு ஊசி போட்டுக் கையை மரத்துப்போகச் செய்தார்கள். பிறகு மயக்கமும் கொடுத்தார்கள். சின்னச் சின்னத் துளை போட்டு, ஒரு துளை வழியாகக் கேமராவை விட்டு, கிழிந்த நாரை இழுத்து வந்து எலும்பில் ஆணி மாதிரி ஒன்றை அடித்து நூலால் கட்டுவது. கண் விழித்தபோது வலது பக்கம் யாரோ ஒருவருடைய கை கிடந்தது. தொட்டால் எனக்கு உணர்வில்லை. விரலைப் பார்த்து என்னுடையது என்று தெரிந்துகொண்டேன். மரப்பு விலகியதும் வந்த வலியைப் பற்றி எழுதப் போவதில்லை. அப்போது நர்சம்மா வந்து, பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது, நம்பர் சொல்லுங்கள் என்றார். நான் மூன்று என்றேன். சிவகாமி நர்சைப் பார்த்து, அதுல இன்னொரு அஞ்சைச் சேத்திக்கோம்மா என்றாள். ஊசி போட்டார்கள்.

டாக்டர் சொல்ல வேண்டியதை மாலையில் சொன்னார். நார் நினைத்ததைவிட உள்ளே போய்விட்டிருந்தது. முழுதாக இழுத்துக் கட்ட வரவில்லை, வந்தவரை கட்டியிருக்கிறோம். வலி போய்விடும். கை தோள் மட்டத்துக்கு வரும். அதற்கு மேலே தூக்குவது, வேகமாக வீசுவது கஷ்டம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டார். ஜவுளிக் கடை என்றேன். கணக்குப் பார்க்கலாம், பில் போடலாம், ஒன்றும் பிரச்சினையில்லை என்றார். நல்ல மனிதர். வீசி விரிக்கிற கடை எதற்குள்ளும் அவர் வந்ததில்லை போலிருக்கிறது.

கையைத் தொட்டில் மாதிரி ஒரு துணிப் பட்டையில் போட்டுக் கழுத்தில் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிய விவரம் சிவகாமிக்கும் நந்தினிக்கும்தான் தெரியும், என்னிடம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்கள். சிவகாமி என்னைக் குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள், வேட்டி கட்டிவிட்டாள். சோற்றைப் பிசைந்து உருட்டித் தட்டில் அடுக்கி வைப்பாள், நான் இடது கையால் எடுத்துக்கொள்வேன். நந்தினி ஆபீஸ் போகும் முன் என் வலது கை நகத்தை வெட்டிவிடுவாள். இதெல்லாம் அன்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் வெளியே போனதும் நாற்காலியில் உட்கார்ந்து, செத்துப் போயிருக்கலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையும் ஒண்ணும் சிரமமில்லைங்க என்கிற கதைதான். ஒருநாள் சாப்பிடும்போது அதை சிவகாமியிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. வீட்டில் என்னைத் தனியாக விடாமல் இருக்க, பக்கத்துத் தெருவில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்ததைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டாள்.

பிறகு மறுபடியும் அதே பிசியோதெரபி அறை. வேறு ஆளிடம் போகலாம் என்று நந்தினி சொன்னாள். நான்தான் ஷில்பாவே போதும் என்றேன். இந்தத் தடவை அவள் என் வார்த்தையை நம்பவில்லை. முகத்தையும் நம்பவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னாள். வலித்தால் என் கால் விரல்கள் மடங்குகின்றனவாம், எனக்கே தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொள்ள, சிவகாமி கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "வெரல் மடங்குது, நிறுத்தம்மா" என்பாள். ஷில்பா உடனே நிறுத்துவாள். அந்த அறையில் எனக்கு வலிப்பதை நான் சொல்லாமலே அவர்கள் இரண்டு பேரும் கண்டுபிடித்தார்கள்.

கை நெஞ்சு வரை வந்தது. பிறகு தோள் மட்டம். அங்கே நின்றுவிட்டது. வாரக்கணக்காக அதே இடத்தில் நின்றது.

அந்தச் சமயத்தில் கடை முதலாளி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. கடைசியில் எனக்கும் ஆப்பிள் வந்துவிட்டது. பையைப் பார்த்ததுமே அவர் என்ன சொல்ல வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. காபி குடித்தார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். முதல் மெத்தையைச் சும்மா போட்டு வைக்க முடியாது, இப்போதைக்கு ரவி உட்காருகிறான் என்றார். உனக்கு வாசல் பக்கம் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், வருகிறவர்களை வாங்க என்று சொல்லு, முகம் தெரிந்த ஆள் நிற்பது கடைக்கு நல்லது என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. எத்தனை முதலாளி இப்படிச் செய்வார்கள் என்று சிவகாமி சொன்னாள். வாஸ்தவம். அவர் போன பிறகு நந்தினி ஒரு ஆப்பிளை நறுக்கித் தட்டில் வைத்தாள். கறுத்துப் போகும் வரை அது அப்படியே இருந்தது.

இப்போது தினமும் கடைக்குப் போகிறேன். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் வாங்கம்மா, கன்னடத்தில் பன்னிம்மா என்கிறேன். எனக்குப் பின்னால் புடவை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ரவி நன்றாகத்தான் வீசுகிறான். திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஜெசிந்தா டீச்சர் வந்தார். கூட மகள், தங்கைகள், சம்பந்தி வீட்டு அம்மா. என்னை வாசலில் பார்த்துவிட்டு, "இங்க என்ன பண்றீங்க மாதேஷண்ணா, உள்ள வாங்க. இன்னிக்கு உங்களை விடப் போறதில்ல" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. முதலாளியைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். ரவி முதல் மெத்தையிலிருந்து எழுந்து ஓரமாக நின்றான்.

உட்கார்ந்தேன். மெத்தை என்னை மறந்திருக்கவில்லை, நான் உட்காரும் இடத்தில் பள்ளம் அப்படியே இருந்தது. ரவி அலமாரியிலிருந்து ஒரு சந்தன நிறப் பட்டுப் புடவையை எடுத்துக் கையில் கொடுத்தான். டீச்சர் மகளின் நிறத்துக்கு அதுதான் என்று நானும் நினைத்திருந்தேன். இடது கையில் முனையைப் பிடித்தேன். வலது கையைத் தூக்கினேன். தோள் மட்டம் வரை வந்தது. அங்கிருந்தே வீசினேன்.

புடவை பாதி தூரம் போய் ஒரு குவியலாக விழுந்தது. முந்தி உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டது. ரவி ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டான். டீச்சரே முன்னால் குனிந்து, முந்தியைத் தேடி எடுத்து, மகள் பக்கமாக மெதுவாக இழுத்து விரித்தார். பிறகு என் தோளைப் பார்த்தார்.

"வலிக்குதாண்ணா?"

"இல்லைங்க, நீங்க பாருங்க" என்றேன்.

அன்றைக்கு நான் சொன்னது பொய் இல்லை. டாக்டர் சொன்னபடியே வலி துளியும் இல்லை.